ஏழுமலையின் ஜாயின்ட் போட்டோ

எங்கள் அலுவலக நண்பர்கள் ஆண்டு மலர் ஒன்று போடுகிறார்கள். ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கொரு அனுபவம் எழுதித் தரவேண்டுமாம். நான் எதை எழுத வேண்டும் என்பதையும் அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். "அக்கா, நீங்க ஏழுமலை கேஸ் எழுதுங்க. இங்க புதுசா வர்ற எல்லாருக்கும் அதத்தான் சொல்லிக்கினு இருக்கோம்" என்றாள், இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நித்யா.

அங்கே அதை எப்படிச் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். பென்ஷன் வராமல் தவித்த ஒரு ராணுவ வீரருக்குக் கஸ்தூரி அக்கா ஒரே ஒரு பக்கக் கடிதத்தில் பென்ஷன் வாங்கிக் கொடுத்தார் என்று. அது உண்மைதான். அந்தக் கடிதத்தை எழுதியது நான்தான், நன்றாகவே எழுதினேன். எனக்குப் பொய்யான அடக்கமெல்லாம் வராது. ஆனால் அதற்கு முன்னால் அதே ஃபைலில் நான் இன்னொரு கடிதமும் எழுதியிருந்தேன். அதைப் பற்றி நித்யாவுக்கும் தெரியாது, ஏழுமலைக்கும் தெரியாது.

விழுப்புரத்தில், முன்னாள் ராணுவத்தினருக்கான அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன். தட்டச்சராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக வெளியே வந்தேன். வீடு திண்டிவனம். காலையில் பாசஞ்சர் ரயில், சாயங்காலம் கிடைத்த பஸ். சேர்ந்த புதிதில் ராணுவத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது குடியரசு தின அணிவகுப்பு மட்டும்தான். 'நாயக்' என்பது ஒரு பதவி என்றுகூடத் தெரியாது. நம் மாவட்டத்தில் இத்தனை நாயக்குகள் எங்கிருந்து வந்து குடியேறினார்கள் என்று பக்கத்து மேஜைக்காரரிடம் கேட்டேன். அவர் ஒரு மாதம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஒரு வருடம் கழித்து அவரே என்னிடம் சந்தேகம் கேட்க வந்தார். பயிற்சிக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை.

எங்கள் அலுவலகம் பென்ஷன் தருவதில்லை. மக்கள் அதைப் புரிந்துகொள்ளாமல் எங்களைத்தான் திட்டுவார்கள். வீரரின் ஆவணங்கள் வடக்கே ஏதோ ஓர் ஊரில் ரெக்கார்ட் ஆபீசில் இருக்கும். பென்ஷன் உத்தரவு போடுவது வேறோர் ஊரில். பணம் வருவது பேங்கில். இந்த மூன்றுக்கும் நடுவில் காகிதம் எங்கே நின்றுபோயிற்று என்று கண்டுபிடித்துத் தள்ளிவிடுவதுதான் எங்கள் வேலை. நடுரோட்டில் நின்றுபோன வண்டியைத் தள்ளுகிற மாதிரி. வண்டி நம்முடையது இல்லை, ஆனால் நாலு பேர் கை வைக்காவிட்டால் அது நகராது.

ஏழெட்டு அதிகாரிகளிடம் வேலை பார்த்திருக்கிறேன். எழுதத் தோன்றுவது ஒருவரைப் பற்றித்தான். ராணுவத்தில் மேஜராக இருந்து ஓய்வு பெற்று எங்கள் அலுவலகத்துக்கு அதிகாரியாக வந்தவர். மேஜர் சார் என்றே கூப்பிடுவோம். குட்டையான மனிதர், குரலும் சின்னக் குரல். மனுவோடு வருகிறவர் உட்காரும்வரை மனுவைக் கையில் வாங்கமாட்டார். பழைய சிப்பாய்களுக்கு அதிகாரியைக் கண்டால் உடம்பு தானாக விறைத்துக்கொள்ளும். உட்காரச் சொன்னால், "பரவால்லிங்க சார்" என்று நிற்பார்கள். மேஜர் சார் தன் நாற்காலியை விட்டு எழுந்து கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். "நீ உக்கார்ற வரைக்கும் நானும் நிக்கிறேன். எனக்கு முட்டி வலி இருக்கு. உன் இஷ்டம்" என்பார். அப்புறம் உட்காராமல் இருக்க முடியுமா?

அவர் சட்டைப் பையில் இரண்டு பென்சில் இருக்கும். ஒன்று சிவப்பு, இன்னொன்று நீலம். நாங்கள் எழுதிக் கொண்டுபோகும் கடிதத்தை வாய்விட்டுப் படிப்பார். ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் நிமிர்ந்து, "இது உனக்குத் தெரிஞ்சதா, நீயா நெனச்சதா?" என்று கேட்பார். தெரிந்தது என்றால் ஆதாரத்தை எடுத்து மேஜைமேல் வைக்க வேண்டும். வைத்தால் நீலக் கோடு. நினைத்தது என்றால் சிவப்புக் கோடு. கடிதத்தில் ஒரே ஒரு சிவப்பு இருந்தாலும் கையெழுத்துக் கிடையாது, திரும்ப எழுத வேண்டும். கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டினாலும் அதே கதிதான்.

எனக்கு முதலில் அவரைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். என் இங்கிலீஷ் மேல் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. மனுதாரர் சொல்லொணா வறுமையில் வாடுகிறார் என்று அழகாக எழுதிக்கொண்டு போனால், "வாடினத நீ பாத்தியா?" என்பார், சிவப்பு போடுவார். "அஞ்சு மாசமா அவருக்கு எந்த வருமானமும் இல்லன்னு பேங்க் பாஸ்புக் சொல்லுது. அத எழுது. படிக்கிறவன் தானா வாடுவான்" என்பார். மூன்றாவது வருடம் முடிவதற்குள் என் கடிதங்களில் சிவப்பு நின்றுபோனது. மற்ற பிரிவுக்காரர்கள் அவரிடம் போவதற்கு முன் என்னிடம் காட்டிவிட்டுப் போவார்கள். அதன் பிறகு என் கடிதத்தில் சிவப்புக் கோடு விழுந்தது ஒரே ஒரு தடவைதான்.

ஏழுமலை, கெடார் பக்கத்துக் காலனிக்காரர். நாயக்காக ஓய்வு பெற்று வந்தவர். ஊருக்கு வந்து எட்டு மாதமாகியும் பென்ஷன் வரவில்லை. சேமநல நிதியாக வந்தது வீட்டுக்கு மேல்தளம் போட்டதில் தீர்ந்துபோயிருந்தது. திங்கட்கிழமைதோறும் எங்கள் அலுவலகத்துக்கு வருவார். இஸ்திரி போட்ட சட்டை, முகம் பார்க்கலாம் போல மினுக்கிய கறுப்பு ஷூ. வந்து மேஜைக்கு எதிரே நிற்பார். "இன்னும் வரலைங்க" என்றால், "சரிங்க மேடம்" என்று போய்விடுவார். மற்றவர்கள் சத்தம் போடுவார்கள், அழுவார்கள், சாபம்கூட விடுவார்கள். இவர் எதுவும் செய்யமாட்டார்.

பென்ஷன் ஏன் நிற்கிறது என்று நான் ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதினேன். பதில் வந்தது. நான்கு மாதம் முன்பே மனுதாரருக்கு விளக்கம் கேட்டு எழுதிவிட்டோம், அவர் பதில் தரவில்லை என்று ஒரு வரி. கூடவே இரண்டு படங்களின் நகல். ஓய்வு பெறும்போது கணவனும் மனைவியும் சேர்ந்து எடுத்துக்கொண்ட படத்தைப் பென்ஷன் விண்ணப்பத்தோடு வைக்க வேண்டும். அதற்குப் பெயர் ஜாயின்ட் போட்டோ. பின்னாளில் கணவன் இறந்துபோனால் குடும்ப பென்ஷன் யாருக்கு என்பதற்கு அந்த முகம்தான் சாட்சி. ஏழுமலை கல்யாணமான புதிதில் கொடுத்த படத்தில் இருந்த பெண்ணுக்கு இடது தாடையில் மச்சம் இருந்தது. விண்ணப்பத்தோடு வந்த படத்தில் இருந்தவளுக்கு இல்லை. ஜாடை இருந்தது, ஆள் வேறு. படத்திலிருக்கும் பெண் யார், விளக்கவும் என்று கேட்டிருந்தார்கள்.

அடுத்த திங்கட்கிழமை அவர் வந்ததும் இரண்டு படங்களையும் எடுத்து மேஜைமேல் போட்டேன்.

"இவங்க யாரு?"

"வீட்டுக்காரிதாங்க மேடம். செல்வி."

"அப்ப இது யாரு?"

அவர் அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லை. "தப்பு நடந்துபோச்சிங்க மேடம். புதுசா ஒரு போட்டோ எடுத்துக் குடுக்கறேன். அத வெச்சி அனுப்பிடுங்க."

"புதுசு கெடக்கட்டும். இதுல இருக்கறது யாருன்னுதானே கேக்கறாங்க? நாலு மாசமா அந்த லெட்டரப் பையில வெச்சிக்கினா சுத்தறீங்க?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருடைய காதோரம் சிவப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. மல்லாட்டைத் தோல், அதாவது வேர்க்கடலைத் தோல். "காலையிலயே மல்லாட்டை உரிச்சிக்கினு இருந்தீங்களா?" என்று கேலியாகக் கேட்டேன். அவர் அதைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அவ்வளவுதான், கிளம்பிவிட்டார்.

எனக்கு எரிச்சல். ராணுவத்தில் இருந்துகொண்டு முதல் மனைவி இருக்கும்போதே இரண்டாவது கல்யாணம் செய்துகொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஃபைல் வெளிச்சத்துக்கு வந்ததும் இப்படித்தான் வாயை மூடிக்கொள்வார்கள். அதிலும் அந்த ஜாடை. மனைவியின் தங்கையையே கட்டிக்கொள்வது நம் பக்கம் நடக்காததா? எனக்கு எல்லாம் பொருந்தி வந்தது. பொருந்தி வந்ததாலேயே அது உண்மை என்று நினைத்துவிட்டேன். அன்றைக்கே தாலுகா ஆபீசுக்கு ஒரு கடிதம் அடித்தேன். மனுதாரர் மனைவியின் சகோதரியை இரண்டாவதாக மணந்திருக்கலாம் என்று ஐயம் எழுகிறது, கிராமத்தில் விசாரித்து அறிக்கை அனுப்பவும் என்று.

மேஜர் சார் அந்த வாரம் பயிற்சிக்குப் போயிருந்தார். பக்கத்து மாவட்ட அதிகாரி கூடுதல் பொறுப்பு. அவர் வாரம் இரண்டு நாள் வந்து கட்டுக்கட்டாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். அந்தக் கட்டில் இதுவும் போயிற்று. வெள்ளிக்கிழமை எங்கள் அலுவலக உதவியாளர் அதைச் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

கிராமத்தில் விசாரணை என்றால் என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும். வி.ஏ.ஓ. வருவார். டீக்கடை முன்னால் ஐந்து பேரைக் கூப்பிட்டு வைத்து, இன்னாருக்கு இரண்டு பெண்டாட்டியா, இரண்டாவது அவன் கொழுந்தியாளா என்று கேட்பார். அவர்களிடம் கையெழுத்து வாங்குவார். தெரிந்தேதான் எழுதினேன்.

மறுநாள் சனிக்கிழமை. வருடத்துக்கு ஒரு தடவை ஒரு மூட்டை மல்லாட்டை வாங்கி வீட்டுக்கு எண்ணெய் ஆட்டி வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம். திண்டிவனத்தில் எனக்குப் பழக்கமான மண்டிக்குப் போய், ஒரு மூட்டை பார்த்து எடுத்தேன். மண்டிக்காரர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏ மிலிட்டரி, அம்மாவோட மூட்டைய ஆட்டோல ஏத்து."

தலையில் துண்டு கட்டிக்கொண்டு, கால்சட்டையும் பனியனுமாக ஒருவர் வந்தார். மூட்டையை ஒரே மூச்சில் முதுகில் ஏற்றிக்கொண்டுபோய் ஆட்டோவில் வைத்துவிட்டுத் திரும்பினார். ஏழுமலை. என்னைப் பார்த்ததும் கை தானாக சல்யூட்டுக்கு எழும்பிப் பாதியில் நின்றது. அவருக்குப் பின்னால் சுவரில் ஓர் ஆணி. அதில் ஒரு பிளாஸ்டிக் பையில் அந்தக் கறுப்பு ஷூ தொங்கிக்கொண்டிருந்தது. இஸ்திரி சட்டை பக்கத்தில் ஹேங்கரில் மாட்டியிருந்தது.

மல்லாட்டைத் தோல் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கேலி பேசிய வாய் அப்படியே ஒட்டிக்கொண்டது.

"விழுப்புரம் மண்டியிலன்னா எங்க ஊரு ஆளுங்க மல்லாட்டை எடுத்துக்கினு வருவாங்க மேடம். பாத்துடுவாங்க. அதான் இங்க" என்றார் அவராகவே. "ஏதோ ஆபீஸ்ல வேலைக்குப் போய்க்கினு இருக்கேன்னு ஊர்ல நெனச்சிக்கினு இருக்காங்க."

டீ வாங்கி வரச் சொல்லி, அடுக்கியிருந்த சாக்குகள்மேல் உட்காரவைத்தேன். நானும் உட்கார்ந்தேன். வீட்டிலிருந்த கறவை மாட்டை விற்றாயிற்று. குழந்தைக்குப் பால் இல்லை, கேப்பைக் கூழ்தான். டீயைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமலே சொன்னார். கடைசியாக அந்தப் படத்தைப் பற்றியும் சொன்னார்.

ஓய்வுக்கு முன் ஜாயின்ட் போட்டோ உடனே அனுப்ப வேண்டும் என்று படைப்பிரிவில் கேட்டிருக்கிறார்கள். பத்து நாள் லீவில் ஊருக்கு வந்திருக்கிறார். செல்விக்கு அப்போது ஏழாவது மாதம். வயிற்றில் பிள்ளையோடு படம் எடுத்துக்கொள்ளமாட்டேன் என்று செல்வி அழுதிருக்கிறாள். லீவு முடிய இரண்டே நாள். செல்வியின் தங்கை அமுதா, "நான் அக்கா மாதிரிதான மாமா இருக்கேன், நான் உக்கார்றேன்" என்று கிளம்பியிருக்கிறாள். தெரிந்தவர்கள் பார்த்துவிடக் கூடாது என்று திண்டிவனம் வரை வந்து ஒரு ஸ்டுடியோவில் எடுத்திருக்கிறார்கள். எல்லாம் ஜாக்கிரதையாகச் செய்த தப்பு.

"இத முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாமே ஏழுமலை" என்றேன்.

"அமுதாவுக்கு மாப்ள வூட்ல வந்து பாத்துட்டுப் போயிருக்காங்க மேடம். வைகாசியில வெச்சிக்கலாம்னு பேச்சு. இப்பப் போயி அந்தப் பொண்ண நான் பொண்டாட்டின்னு காட்டி போட்டோ குடுத்திருக்கேன்னு வெளிய வந்தா எவன் நம்புவான்? கொழுந்தியாள எவன் சும்மா வுட்டான்னுதான் பேசுவான்." டீயைக் கீழே வைத்தார். "பென்ஷன் லேட்டானா லேட்டாவே வரட்டுங்க மேடம். எனக்கு ஒடம்புல தெம்பு இருக்கு, மூட்ட தூக்கறேன். அவ பேரு கெட்டா நான் என்னத்தத் தூக்கி சரி பண்றது?"

பென்ஷன் ஏன் நிற்கிறது என்று அமுதாவுக்கு அவர் சொல்லவே இல்லையாம். செல்விக்கும் சத்தியம் வாங்கிக்கொண்டு சொல்லியிருக்கிறார்.

நான் அனுப்பிய கடிதத்தைப் பற்றி அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லாமலே வீட்டுக்கு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அந்த மூட்டையைத் தொடக்கூடப் பிடிக்கவில்லை.

திங்கட்கிழமை முதல் ரயிலைப் பிடித்து, ஒன்பதரைக்கெல்லாம் தாலுகா ஆபீஸ் வாசலில் நின்றேன். தபால் பிரிவுக்காரர் வந்து பதிவேட்டைப் புரட்டினார். கடிதத்துக்கு எண் போட்டாயிற்று. அன்றைக்குப் பதினோரு மணிக்கு வி.ஏ.ஓ.க்கள் கூட்டம். அப்போது கொடுப்பதற்காகத் தனித்தட்டில் வைத்திருந்தார்கள். என் கண்ணெதிரே அது இருந்தது.

"தப்பா அனுப்பிட்டோம். குடுத்துடுங்க" என்றேன்.

"எண் போட்ட கடிதத்த சும்மா எப்படிங்க குடுக்கறது? திரும்பக் கேட்டு உங்க ஆபீசர் கையெழுத்தோட ஒரு கடிதம் வேணும்" என்றார். அவர் சொன்னது சரிதான். அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். 'இணைப்பு ஒன்று விட்டுப்போயிற்று, வைத்துவிட்டுத் தருகிறேன்' என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் கையில் கொடுத்திருப்பார். நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை.

மேஜர் சார் அன்றுதான் பயிற்சியிலிருந்து திரும்பியிருந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அலுவலக நகலைக் கேட்டு வாங்கினார். சிவப்பையும் நீலத்தையும் எடுத்து மேஜைமேல் வைத்தார். மணி பத்தேகால். திரும்பக் கேட்கும் கடிதத்தில் முதலில் கையெழுத்துப் போடமாட்டாரா என்று எனக்குத் தவிப்பு. அவர் வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார்.

"'இரண்டாவதாக மணந்திருக்கலாம்.' தெரிஞ்சதா, நெனச்சதா?"

"நெனச்சது சார்."

"'உண்மையை வேண்டுமென்றே மறைக்கிறார்.' தெரிஞ்சதா, நெனச்சதா?"

"நெனச்சது சார்."

கடைசி வரி வரைக்கும் விடவில்லை. படித்து முடித்தபோது பக்கம் முழுக்கச் சிவப்பு. நீலக் கோடு ஒன்றே ஒன்றுதான், மேலே நான் போட்டிருந்த தேதிக்குக் கீழே. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"இந்த ஆளு உன்கிட்ட வந்தப்பல்லாம் உக்காந்தாரா?"

என் மேஜைக்கு எதிர் நாற்காலியில் எப்போதும் ஃபைல்கள் அடுக்கியிருக்கும். எட்டு மாதமாக அவர் நின்றுகொண்டுதான் பேசினார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த அலுவலகத்தில் நான் அழுதது அந்த ஒரு தடவைதான்.

திரும்பக் கேட்கும் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். "போ, ஜல்தி" என்றார்.

ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம். வி.ஏ.ஓ.க்கள் வராந்தாவில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கடிதத்தை வாங்கிக் கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்துவிட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மேஜர் சார் சொல்லி, திரும்ப வாங்கிய கடிதத்தை ஃபைலில் வைத்தேன். சிவப்புக் கோடு போட்ட நகல் தாளை மட்டும் அவர் என்னிடமே கொடுத்து, "இத நீ வெச்சிக்க" என்றார். வைத்திருக்கிறேன்.

அதன் பிறகு நடந்ததுதான் அலுவலகத்தில் எல்லாரும் சொல்லும் கதை. நான் செல்விக்கு ஆள் அனுப்பினேன். ஏழுமலைக்குக் கொடுத்த சத்தியத்தை உடைத்து அவள் அன்றே அமுதாவிடம் சொல்லிவிட்டாள். இரண்டு நாள் கழித்து மூன்று பேரும் குழந்தையோடு வந்தார்கள். எதிர் நாற்காலியோடு இன்னும் இரண்டு நாற்காலி போட்டு வைத்திருந்தேன். அமுதா உட்காரவில்லை. கோட்டக்குப்பத்தில் ஒரு கிளினிக்கில் நர்சாக இருந்தாள். வேலை உடுப்போடு அப்படியே வந்திருந்தாள்.

"எனக்காகவா மாமா மூட்ட தூக்கிக்கினு இருந்தீங்க? என்னை ஒரு வார்த்த கேட்டீங்களா? கொழந்தைக்குப் பால் இல்லாம பண்ணிட்டு எனக்கு மாப்ள பாக்கறீங்களா?" என்று அலுவலகமே திரும்பிப் பார்க்கும்படி கேட்டாள். ஏழுமலை தலையைக் குனிந்துகொண்டார். பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள். "மேடம், அந்த போட்டோவுல இருக்கறது நான்தான். என் பேரப் போட்டே எழுதுங்க. நான் கையெழுத்துப் போடறேன்."

நான் செல்வியிடம் கேட்டேன், பழைய வாய் முழுதாகப் போகவில்லை போலும். "ஒரு போட்டோ எடுத்தா என்னம்மா ஆயிடப் போவுது?"

செல்வி குழந்தையை மடியில் சரியாக வைத்துக்கொண்டாள். "ரெண்டு போயிடுச்சிங்க மேடம். ரெண்டு தடவையும் போட்டோ எடுத்த மாசம்தான் போச்சி. மூணாவதுக்கு எனக்கு தைரியம் வரல." அவள் அழவில்லை. பைக்குள்ளிருந்து இரண்டு ஆஸ்பத்திரிச் சீட்டுகளை எடுத்து மேஜைமேல் வைத்தாள். யாரும் கேட்காமலே இத்தனை வருடமாக அவற்றை வைத்திருந்திருக்கிறாள்.

படம் எடுத்ததால்தான் போயிற்று என்பது அவள் நினைத்தது. இரண்டு போயிற்று என்பது தெரிந்தது. கடிதத்தை எப்படி எழுத வேண்டும் என்று அந்தச் சீட்டுகளைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. மனுதாரரின் மனைவிக்கு முன்பு இருமுறை கரு கலைந்தது, சீட்டுகள் இணைப்பு. படம் எடுத்த நாளில் அவர் ஏழு மாதக் கர்ப்பிணி, குழந்தையின் பிறப்புச் சான்றும் ஸ்டுடியோ ரசீதும் இணைப்பு. கர்ப்ப காலத்தில் படம் எடுத்துக்கொள்ள அவர் அஞ்சினார், அவருக்குப் பதிலாக அமர்ந்தவர் அவருடைய தங்கை, திருமணமாகாதவர், அவருடைய உறுதிமொழிப் பத்திரம் இணைப்பு. மனுதாரர் செய்தது தவறு, அதை அவர் ஒப்புக்கொள்கிறார். அவ்வளவுதான் கடிதம். வறுமை, வாட்டம், கருணை என்று ஒரு வார்த்தை இல்லை. உறுதிமொழிப் பத்திரத்தைத் திண்டிவனத்தில், இவர்களை யாரென்றே தெரியாத ஒரு நோட்டரியிடம் போட்டோம். மூன்று பேரையும் நேரில் பார்த்து அடையாளம் கண்டதாக மேஜர் சார் தன் கையால் எழுதிச் சேர்த்தார்.

புது ஜாயின்ட் போட்டோவும் அதே ஸ்டுடியோவில்தான். செல்வி பயந்துகொண்டே உட்கார்ந்தாள். குழந்தையை அமுதா பக்கத்தில் தூக்கிக்கொண்டு நின்றாள். படத்தைக் கழுவிப் பார்த்தால், ஓரத்தில் செல்வியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னக் கை. கணவன் மனைவியைத் தவிர அதில் வேறு யாரும் இருக்கக் கூடாது. திரும்ப எடுக்கச் சொல்வார் என்று பயந்துகொண்டே மேஜர் சாரிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதைப் பார்த்தார். "இது தெரிஞ்சதுதானே" என்று சான்றொப்பம் போட்டுவிட்டார்.

ஏழாவது வாரம் உத்தரவு வந்தது. நிலுவையும் சேர்த்து. கடிதத்தை ஒரு கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். ஏழுமலை வந்து, நான் காட்டிய நாற்காலியில் உட்கார்ந்து, உத்தரவை இரண்டு தடவை படித்தார். காதோரத்தில் மல்லாட்டைத் தோல் இல்லை.

வைகாசியில் அமுதாவின் கல்யாணம். எனக்குத் தனியாக வந்து பத்திரிகை வைத்தார்கள். மாப்பிள்ளையிடம் அந்தப் படத்தைப் பற்றி அமுதாவே நிச்சயத்துக்கு முன்னால் சொல்லிவிட்டாளாம். அவர் சிரித்துவிட்டு, என் போட்டோவுல வேற யாரையும் உக்கார வெச்சிடாத என்றாராம். இந்தக் கட்டுரைக்காக அனுமதி கேட்டபோது, அதைச் சொல்லிவிட்டு, "தாராளமா எழுதுங்க மேடம்" என்றாள்.

கல்யாண மண்டபத்தில் குடும்பப் படம் எடுக்கும்போது நான் பந்திக்குப் போய்க்கொண்டிருந்தேன். அமுதா மேடையிலிருந்து ஆள் அனுப்பிக் கூப்பிட்டாள். நான் வேண்டாம் என்றேன். ஏழுமலை இறங்கி வந்து, "நீங்க இல்லன்னா இந்தக் கல்யாணமே இல்லைங்க மேடம்" என்று கையைப் பிடிக்காத குறையாக அழைத்துப்போனார். ஊரார் முன்னால் என்னைச் செல்விக்கும் அமுதாவுக்கும் நடுவில் நிறுத்தினார்கள். டீக்கடை முன்னால் வி.ஏ.ஓ. கூப்பிட்டு வைத்திருக்கக்கூடிய அந்த ஐந்து பேரும் கீழே நாற்காலிகளில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். அன்று தாலுகா ஆபீசுக்கு நான் ஐந்து நிமிஷம் பிந்திப் போயிருந்தால் அந்த மேடையே இருந்திருக்காது. மேடையில் நின்றவர்களில் அது எனக்கு மட்டும்தான் தெரியும். அப்படியே சிரித்துக்கொண்டு நின்றேன்.

அந்தப் படத்தைச் சட்டம் போட்டு ஏழுமலை வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள். போகும்போதெல்லாம் பார்க்கிறேன். இந்த மலர் வந்ததும் முதல் பிரதியை அவர்கள் வீட்டுக்கு நானே கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறேன். சிவப்புக் கோடு போட்ட தாளையும் எடுத்துப்போவேன். படித்துவிட்டு அந்தப் படத்தைக் கழற்றச் சொன்னால் நானே ஸ்டூல் போட்டுக் கழற்றித் தருகிறேன். அந்தப் படத்தில் செல்விக்கும் அமுதாவுக்கும் நடுவில் இருக்கும் பெண் யார் என்று அவர்களுக்கு இதுவரை யாரும் விளக்கம் தரவில்லை.